நாகையில் கரையேறிய அப்பா

பினாங்கில் கப்பலேறி, ஏழு நாள் கடலில் கிடந்து நாகப்பட்டினம் வந்து சேர்ந்தோம், அப்பாவும் நானும். எனக்குப் பன்னிரண்டு வயது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கப்பல் கரைக்கு வராதாம்! நடுக்கடலில் நிறுத்திவிட்டுப் படகில் இறக்கினார்கள். கரையேறிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் வாந்தியெடுத்த எனக்கு அந்த வெயிலைக் கண்டதும் எரிச்சலாக வந்தது.

அப்பா கூட இருக்கிறார் என்பதுதான் ஒரே தைரியம். ரப்பர்ப் பால் எடையில் ஏமாற்றிய வெள்ளைக்காரத் துரையோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டவர் அவர். "எவன் முன்னாலயும் குனியக் கூடாது" என்று சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவர். அம்மா போன பிறகு எனக்கு உலகமே அவர்தான். இனி அவர் ஊரில்தான் வாழ்க்கை. அங்கேயும் அவர் அப்படித்தான் நிற்பார் என்று நம்பினேன்.

சுங்கக் கொட்டகைக்கு வெளியே சித்தப்பா நின்றிருந்தார். ஊரில் கூலி உயர்வுக்காகச் சங்கம் கட்டியவர். நெற்றியில் புதுத் தழும்பு. "அறுப்புத் தகராறுல அடிச்சுட்டானுங்க அண்ணே, அத வுடுங்க" என்று சிரித்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. எங்கள் ஊர் மிராசுதார். அவர் வயலில் பண்ணையாளாக உழைத்துத்தான் தாத்தா செத்தார். வேறு யாரையோ அழைத்துப்போக வந்தவர், அப்பாவை அடையாளம் கண்டு, "யார்றா அது, பெரியவனா?" என்றார்.

அவ்வளவுதான். அப்பா தோள் துண்டை உருவி இடுப்பில் கட்டினார். செருப்பை உதறினார். கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு கூனிக் குறுகி, "ஆமாங்கய்யா" என்றார். அது அப்பாவின் குரலே இல்லை.

"அண்ணே, என்ன பண்றீங்க? மாட்டுங்க செருப்ப!" சித்தப்பா கத்தினார். "ஆட்சியே மாறிப்போச்சு. இப்ப ஊர்ல ஒருத்தரும் கழட்டறதில்ல. இதுக்கும் சேத்துத்தான் அடி வாங்கியிருக்கோம்."

மிராசுதார் என் கால்களைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"நீயும் கழட்டும்மா" என்றார் அப்பா.

"மாட்டேன்."

என்மீது ஒருநாளும் கை ஓங்காத மனுஷன், அத்தனை பேர் முன்னால் பளாரென்று அறைந்தார். அறையும்போதும் என்னைப் பார்க்கவில்லை. மிராசுதாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.