டார்ச் அடித்தால் மின்னக்கூடாது

கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை யார் வேண்டுமானாலும் துடைப்பார்கள். தெரியாத அழுக்கைத் துடைப்பதுதான் என் பிழைப்பு. துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷினுக்குக் குளியல்

பெருங்களத்தூர் பக்கம் ஒரு லேபில் வேலை. அங்கே எட்டு மெல்லிய மூக்குகளோடு ஒரு மெஷின் இருக்கிறது. ரத்த மாதிரியை ஒரு சொட்டு உறிஞ்சும், பச்சைச் சாயம் கலக்கும், குழி வைத்த தட்டில் தானாகவே விட்டுக்கொண்டு போகும். அது முடித்ததும் நான் ஆரம்பிக்க வேண்டும். மூக்கு, குழாய், மேடை எல்லாவற்றுக்கும் முதலில் மருந்துத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் ஸ்பிரிட். அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு ஊதா டார்ச் அடிப்போம். சாயம் துளி ஒட்டியிருந்தாலும் பச்சையாக மின்னும். மின்னினால் அடுத்த சோதனையே பொய்.

மெஷினுக்குப் பொறுப்பு திவ்யா மேடம். மாசமாக இருந்தார். கடைசி மாதிரிகளையும் முடித்துவிட்டுத்தான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். வருஷக்கணக்கான ஆராய்ச்சி, பாதியில் விட மனசு வருமா? எங்காவது சாயம் ஒட்டியிருக்குமோ என்ற அவர் பயம் எனக்கும் தொற்றி, வீட்டில் கழுவின சட்டியைக்கூட செல்போன் வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் தட்டோடு வந்து நின்றார்: "ஏம்மா, நம்ம வூட்டு ரசத்துல யாரு சாயம் ஊத்தினா? சோத்தப் போடு."

மளிகைக் கடையில் மாட்டினேன்

பால்வாடியில் மகள் காத்திருப்பாள் என்ற அவசரத்தில் ஒருநாள் கையுறையை வெளிப்பக்கம் தொட்டுக் கழற்றிவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவினேன், போய்விட்டது என்றே நினைத்தேன். மகளைக் கூட்டிக்கொண்டு முடிச்சூரில் வழக்கமான கடைக்குப் போனேன். நோட்டை நீட்டினேன். கடைக்கார அண்ணன் கள்ளநோட்டு பார்க்கிற விளக்கைப் போட்டார். என் விரல் நுனியெல்லாம் பச்சைப்பசேல் என்று எரிந்தது! மகள் கைதட்டினாள். பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மா ஒரு அடி தள்ளிப் போனார். கடைக்காரர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: "இன்னாக்கா இது? நோட்டு நல்லாத்தான் கீது, உன் வெரலுதான் டூப்ளிகேட்டு!"

நீலப் பொட்டுகள்

கடைசி மாதிரிகளுக்கான நாளும் வந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்தாகிவிட்டது, அன்றைக்கே முடிக்க வேண்டும், திரும்ப உறைய வைத்தால் கெட்டுவிடும். லைட்டை அணைத்து டார்ச் அடித்தோம். மேடை முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னியது. மறுபடி கழுவினேன். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர் அண்ணன், "தள்ளும்மா, நான் ஒரு ஃபினிஷிங் டச் குடுக்கறேன்" என்று தானும் துடைத்தார். டார்ச் அடித்தால் முன்னைவிட அதிகம். மேடம் வயிற்றில் கைவைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நல்லாத்தான் கழுவினேன் மேடம்" என்றேன்.

"இரு. நம்ம சாயம் பச்சை. இது நீலம்" என்றார் அவர். டார்ச்சை மெதுவாகத் திருப்பினார். இருட்டில் பாஸ்கர் அண்ணன் கையில் ஒரு கைக்குட்டை, நிலாத் துண்டு மாதிரி நீலமாக ஜொலித்தது. அன்றைக்கு முதல் தடவையும் சரி, இப்போதும் சரி, நான் கழுவி முடித்த பிறகு பாசத்தோடு அதைக் கொண்டுதான் கடைசித் துடைப்பு துடைத்திருக்கிறார்! துணி வெளுப்பாகத் தெரிவதற்கு சோப்புத் தூளில் ஒரு மருந்து சேர்ப்பார்களாம், அதுவும் டார்ச்சுக்கு மின்னுமாம். அந்தத் துணியின் நூல் பிசிறுதான் மேடையெல்லாம். மேடம் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் பார்க்க, பாஸ்கர் அண்ணன் கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்: "புதுப் பாக்கெட் மேடம், நேத்துதான் என் வொய்ஃப் ஊற வெச்சுத் துவைச்சா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

வளையலுக்கு முன்னால்

லேபுக்கென்றே வரும் பிசிறில்லாத துணியால் மேடையை மறுபடி துடைத்தேன். பாஸ்கர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். டார்ச் அடித்தோம். கும்மிருட்டு. அப்படி ஒரு அழகான இருட்டை நான் பார்த்ததே இல்லை! சாயங்காலத்துக்குள் கடைசித் தட்டும் முடிந்தது.

அதுவரை மேடத்துக்கு வளையல் போட முடியவில்லை, கையுறை கிழியுமே. அவர் கையுறையைக் கழற்றியதும் நாங்கள் வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையல்களை அங்கேயே அடுக்கினோம். குழந்தைக்கு என் மகளின் பழைய பருத்தித் துணிகளைத் துவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். வளையலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "தாராளமா குடு அம்சா. ஆனா லைட்டை அணைச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்று சந்தோஷத்தில் குதிக்கிற பெண்பிள்ளை யாரையாவது பார்த்தால், பாவம், அவளும் எங்கள் தொழில்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.