கூரைக்கு ஏறாத வெளிச்சம்

ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில். ஓரறை வீடான ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு பல்ப், ஒரு பிளக். கார்த்திகை பிறப்பதற்குள் சுவருக்கு மேலாகப் புகார் வந்துவிட்டது.

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசம் நம் சோற்றில் கலக்கும். அவர்கள் சண்டையில் நியாயம் யார் பக்கம் என்று நாம் படுத்தபடியே தீர்ப்புச் சொல்லலாம். மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் வெளிச்சம் மட்டும் சுவர் தாண்டியதில்லை. இப்போது அதுவும் தாண்டியது.

அப்போது என் மனைவி ஆசிரியர் நியமனப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயதெல்லைப்படி அதுதான் அவளுக்குக் கடைசித் தடவை. பகலெல்லாம் கைக்குழந்தையும் அடுப்புமாகப் போய்விடும். குழந்தை தூங்கிய பிறகு புத்தகத்தை விரித்தால் அடுத்த காம்பரா அக்காவின் குரல் வரும்.

"மருந்து குடிச்சிட்டுப் படுத்தா வெயிலடிக்குதே! விடியக்காலம் பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேரு குடுக்கணும் தங்கச்சி, கொஞ்சம் அமத்தும்மா."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைத்துவிடுவாள்.

பதுளையில் நான் வேலை பார்த்த கடைக்கு எதிரே ஒரு கண்ணாடி அலுமாரியில் மேசை விளக்குகள் இருந்தன. அதுபோல ஒன்றைச் செய்துவிட்டால் வெளிச்சம் மேசையோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக்கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். விறகுக்குப் போகவிருந்த கட்டைகளில் நன்றாக முறுக்கேறி வளைந்த ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பட்டையை உரித்ததும் உள்ளே வழவழப்பாக, தேன் நிறத்தில் இருந்தது. வயருக்காக மேலிருந்தும் கீழிருந்தும் துளை போட்டேன். வளைந்த கட்டையில் இரண்டு துளைகளும் சந்திப்பதாயில்லை. கடைசியில் முதுகுப் பக்கம் உளியால் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் வயரைப் பதித்து மெழுகால் மூடினேன். அடிக்கு ஒரு சவுக்குப் பலகை. மணல்தாளால் தேய்த்து இரண்டு பூச்சு வார்னிஷ். கம்பி வளையத்தில் தடித்த கடதாசி ஒட்டி, கடையில் பார்த்ததுபோலவே பல்பைச் சுற்றி மேலும் கீழும் திறந்த கூடு. பலகையின் அடியில் சூடான ஆணியால் திகதியும் எழுதினேன். எதையும் திகதியில்லாமல் விட எனக்கு மனம் வராது.

அன்று மாலை பிளக்கைச் செருகினோம். மேசையில் ஒரு வட்டம் விழுந்தது. அதைவிடப் பெரிய வட்டம் தகரக் கூரையில் விழுந்தது.

"அடடா, எங்க வூட்டுக்குள்ள நெலா வந்துருச்சு!" என்றார் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து. "தூங்குறதா, பாத்துக்கிட்டே இருக்குறதா தம்பி?"

என் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி சிரித்தாள். "என்னங்க, கடைக்காரன் வூட்டுக்குச் செஞ்சதையே செஞ்சிருக்கீங்க. அவன் செவுரு மேல வரைக்கும் இருக்கும். நமக்கு இல்லையே."

பால்மா டின்னின் மூடி ஒன்றை அவளே தேடி எடுத்து வந்தாள். கூட்டின் வாயை அப்படியே மூடினால் சூட்டில் கடதாசி கருகும். அதனால் மூன்று கம்பிகளை வளைத்து, மூடியைக் கூட்டுக்குச் சற்று மேலே குடைபோல நிற்க வைத்தோம். சூடு பக்கவாட்டில் போயிற்று. கூரை இருண்டது. மூடியின் பளபளப்பு மிச்ச வெளிச்சத்தையும் புத்தகத்தின் மேலேயே திருப்பிவிட்டது.

"அக்கா, இப்ப எப்படி?" என்றாள்.

அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

மாசியில் பரீட்சை எழுதினாள். அதன் பிறகும் மாலையில் அந்த விளக்கின் கீழ்தான் அரிசியில் கல் பொறுக்கினாள். ஆடியில் ஒரு நாள் இரவு பதுளையிலிருந்து நான்தான் முடிவைக் கொண்டுவந்தேன். தெரிவானவர்களில் அவளும் இருந்தாள். கேட்டதும் நேராக விளக்கிடம் போனாள். தகர மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டாள். வட்டம் கூரையில் ஏறி இரண்டு காம்பராவுக்கும் பரவியது.

"யாரு அது, மறுபடியும் நெலாவ வுட்டது?" என்றார் அக்கா, தூக்கக் கலக்கத்தில்.

"நான்தாங்க்கா. பாஸ் பண்ணிட்டேன்."

சுவருக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது.

"அப்ப எரியட்டும்டி," என்றார். "நாங்க முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்."