பூட்ஸ் மீது போட்ட பழி

எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் கல் குவாரித் தூசி அதிகம். மகளுக்கு மூச்சிரைப்பு என்பதால் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கினோம். சுத்தம் செய்யும் மெஷினுக்கே எதற்குச் சுத்தம் என்று ஓராண்டாக நான் அதைத் திறக்கவே இல்லை.

போன மாதம் படுக்கையறையில் அழுகிய நாற்றம். குவாரியில் வேலை செய்யும் கணவரின் பூட்ஸ்தான் காரணம் என்று திட்டி, அதை வெளியே வைக்கச் சொன்னேன். மெஷினின் வேகத்தையும் கூட்டினேன். நாற்றமும் கூடியது, மகளின் இருமலும் கூடியது.

“பூட்ஸ் வெளியதான் கிடக்குலா. அப்புறம் எது நாறுது?” என்றபடி கணவர் மெஷினின் பின்மூடியைக் கழற்றினார். தலைமுடியும் தூசியும் கம்பளிபோல் படிந்த ஃபில்டரில், புழு நெளியும் செத்த பல்லி ஒட்டியிருந்தது. அந்தக் காற்றைத்தான் மகளின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன். பூட்ஸை உள்ளே வைக்கச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.