கடுகு மஞ்சள் சோபா

நல்ல தளபாடம் எது என்பதை எனக்குக் காட்டித்தந்தது ஒரு சோதனைச் சாவடி. யுத்த நாட்களில் நான் வேலைக்குப் போகும் பஸ்ஸை, கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியில் ஆமிக்காரர் மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் தனி வரிசை. அந்த வரிசைக்கு நேர் முன்னால் ஒரு தளபாடக் கடையின் பெரிய கண்ணாடி. மற்றவர்கள் திரும்பவும் பஸ்ஸில் ஏறி, எங்களால் நேரம் போகிறதென்று முணுமுணுக்க, நான் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் கைப்பையைக் கிளறுகிறவனின் முகத்தைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அதுவரை சோபா என்றால் எனக்குக் கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளை பொம்பிளையை இருத்துகிற, சிவப்பு வெல்வெட்டும் சிங்கக் காலும் வைத்த சாமான்தான். கண்ணாடிக்குள் இருந்தது வேறு. தாழ்வாக, மெலிந்த தேக்குக் கால்களில், ஒரு பூவும் இல்லாத கடுகு மஞ்சள் சோபா. பக்கத்தில் வளைந்த கம்பியில் காகிதக் கூடு போட்ட விளக்கு. அவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சச் சாமானோடு ஒரு அறை நிறைந்திருக்கலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

எங்கள் அறையிலும் சாமான் கொஞ்சம்தான், ஆனால் அது நிறையவில்லை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடி, நானும் அம்மாவும். இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மடக்குக் கட்டில், நான்கு சூட்கேஸ். ஒரு சூட்கேசின் மேல் டிவி. இரண்டை அடுக்கித் துணி விரித்தால் சாப்பாட்டு மேசை. கனடாவில் இருந்த அண்ணா எங்களைக் கூப்பிட ஆறு வருடமாக அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் எல்லா வீடும் இதே கோலம்தான். எல்லோரும் போகிற ஆட்கள். போகிற ஆட்கள் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள்.

எனக்கு முப்பத்துநான்கு வயது. ஒரு மத்தியானம் சூட்கேசின் மேல் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிடும்போது எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால், ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோர்மேலும். போகப்போகிற ஊருக்காக இருக்கிற ஊரில் இருக்காமல் இருந்திருக்கிறேன்! அடுத்த சம்பளத்தன்று அந்தக் கடைக்குப் போனேன்.

"மிஸ், நீங்க டெய்லி வெளிய நிண்டு பாக்கிறவங்கதானே?" என்றார் கடையில் நின்ற விற்பனையாளர்.

"ஓம். இண்டைக்கு என்னை ஒருத்தரும் இறக்கேல்லை. நானே இறங்கி வந்தனான்."

கடைப் பிளாஸ்டிக் உறையோடு சோபா படியேறி வந்த அன்று கட்டடமே கதவைத் திறந்து பார்த்தது. கீழ் வீட்டு அன்ரி துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "கனடா சரிவரேல்லையோ?" எங்கள் ஆட்களுக்குள் ஒருவர் புதுச் சோபா வாங்கினால் விசா இல்லையென்று அர்த்தம்.

அம்மா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பின்னேரம் ஒரு நிபந்தனை போட்டார்: "உறையைக் கழட்டாதை பிள்ளை. போகேக்கை புதுசு எண்டு விக்கலாம்."

கடையில் அவ்வளவு துணிவாகக் கதைத்த நான் அம்மா சொன்னபடி உறையை விட்டுவிட்டேன். மூன்று மாதம் அந்தத் தடித்த பிளாஸ்டிக் உறையின் மேல்தான் இருந்தோம். வெள்ளவத்தை வியர்வையில் அது தொடையோடு ஒட்டும். எழும்பினால் சரசரக்கும். என் வெட்கத்தை அது எனக்கு ஒவ்வொரு தரமும் ஞாபகப்படுத்தியது.

பிறகு ஒரு ஞாயிறு காலை பொலிசும் ஆமியும் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். கொழும்பில் இருக்கக் காரணம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. எங்கள் எல்லோரிடமும் ஒரே காரணம்தான் இருந்தது. கதவைத் தட்டிய அதிகாரியிடம் அம்மா கனடாப் பைலை நீட்டினார்.

"எப்போது போகிறீர்கள்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

அம்மாவிடம் அதற்குப் பாடமாக்கிய பதில் இருந்தது. "லபன மாசே, சேர்." அடுத்த மாதம்.

அதிகாரி சிரித்தார். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அடுத்த மாதம்தான் என்று பின்னால் நின்றவரிடம் சொன்னார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

"இல்லை சேர்," என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்."

"என்ன காரணத்துக்கு?"

"காரணம் ஒன்றுமில்லை. இது என் வீடு."

அம்மாவுக்குச் சொல் விளங்கவில்லை, என் குரல் விளங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். அதிகாரி சோபாவை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். உறை சரசரத்தது.

"இங்கே இருக்கிறவர்கள் என்றால் ஏன் இதைக் கழற்றவில்லை?"

அவர் என் அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை பொலிசில் திரும்பப் பதியச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் குசினிக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.

"விசரே உனக்கு? நாளைக்கு என்ன நடக்குமெண்டு தெரியேல்லை."

"அதுக்குத்தான் இண்டைக்கு வெட்டுறன்."

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெட்டினேன். உள்ளே துணி, கண்ணாடிக்குள் பார்த்ததைவிட மஞ்சளாக இருந்தது. அம்மா குசினிக்குப் போனார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, முதலில் விளிம்பில் இருந்து, பிறகு முதுகைச் சாய்த்து, காலையும் மேலே மடித்து வைத்துக்கொண்டார். கோப்பை சரிந்தது. தேத்தண்ணி சிந்தி, மஞ்சளில் உள்ளங்கை அளவு ஊறியது.

முந்தானையால் துடைக்கப் போனவரைத் தடுத்தேன்.

"இனி இதை விக்கேலாது பிள்ளை," என்றார்.

"ஓம்," என்று சொல்லி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.