பேட்ஜ் போடாத செயலாளர்

எங்க அணு இஞ்சினியர் சங்கத்துல நான் ஸ்டூடண்ட் மெம்பர். செயலாளர் கப்பல் பட்டறையில வேலை பாக்குற ஒல்லிக்குச்சி. பேசறப்ப சட்டைப் பொத்தான திருகிட்டே இருப்பாரு. நேத்து சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்துல, "கதிர்வீச்சு அளக்குற பேட்ஜ் போடாம வேலைக்குப் போறவன் முட்டாள்"னு பிச்சு உதறினாரு.

முடிஞ்சதும் டீக்கடையில வம்புக்குக் கேட்டேன். "அண்ணே, உங்க பேட்ஜ் எங்க?"

"லாக்கர்லதான் லா."

"கப்பல் வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு கதிர் விட்டுப் படம் புடிக்கிறப்பவுமா?"

"அப்பவும்தான். பேட்ஜ்ல அளவு தாண்டினா என்னைய வேலை குடுக்காம மாசக்கணக்குல உக்கார வச்சிருவாங்க. பட்டறையில வேற ஆள் ஏது தம்பி?"

"அப்ப உங்க உடம்புல எவ்வளவு ஏறியிருக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா வீட்டுல சொல்லணும்ல?" சிரிச்சுட்டே தஞ்சோங் பகார் போற, கரண்டுக் கம்பி புடிச்சு ஓடுற டிராலி பஸ்ஸுல தாவி ஏறிட்டாரு.

இவ்வளவு படிச்ச மனுசன்! கையப் புடிச்சு இறக்கியிருக்கணும். நான் அவரு டீக்கும் சேத்துக் காசு குடுத்துட்டு நின்னேன்.