பாக்கெட் பாப்பாவுக்கு மொட்டை

பொருட்காட்சிக்கு இரண்டே நாள் இருக்கும்போது அம்மா எனக்கு ஏன் மொட்டை போட்டாள்? இப்போது எனக்கே ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தினமும் காலையில் அவளுக்கு இரண்டு பின்னல் போடும்போது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. விடைதான் வந்தபாடில்லை.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது என் தாய்மாமா சத்துமாவுக் கம்பெனி ஆரம்பித்தார். கம்பெனி என்றால் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், ஒரு அரவை மெஷின், வறுக்கவும் புடைக்கவும் சில பெண்கள். பெயரை இங்கே எழுதவில்லை, மாமா படித்தால் வருத்தப்படுவார். திருச்சியில் அப்போதே நிறையப் பேர் சத்துமாவு விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய மாவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"மாவை யாரு ஞாபகம் வச்சுக்கப் போறாங்க அக்கா? மூஞ்சியைத்தான் வச்சுக்குவாங்க" என்று மாமா அம்மாவிடம் சொன்னார்.

அந்த மூஞ்சி என்னுடையது! மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்து மாவுப் பாக்கெட்டில் போட்டார்கள். மஞ்சள் கவுன், இரண்டு பின்னல், சிவப்பு ரிப்பன், கொஞ்சம் தூக்கிய முகவாய், கையில் டம்ளர். டம்ளரில் இருந்தது வெறும் தண்ணீர். சத்துமாவுக் கஞ்சியின் வாடையே எனக்கு ஆகாது என்பது வீட்டோடு இருந்த ரகசியம். உள்ளூர் கேபிள் டிவியில் "குடிச்சேன், குதிச்சேன்!" என்று கத்திக்கொண்டு நான் குதிக்கிற விளம்பரமும் வந்தது.

மாமாவுக்கு அந்தப் பாக்கெட் உயிர். மஞ்சள் சற்று மங்கி வந்தால்கூட அச்சகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை கேழ்வரகு லேசாகக் கசந்துவிட்டது என்று, கடைகளுக்குப் போயிருந்த சரக்கையெல்லாம் ஆட்டோவில் திரும்ப அள்ளிக்கொண்டு வந்தார். அத்தை வாசலில் நின்று அழுதாள். "ஒரு தடவை கசந்துச்சுன்னா அப்புறம் இந்தப் புள்ளை மூஞ்சியைப் பாக்கறப்பல்லாம் கசப்புதான் ஞாபகம் வரும்" என்றார் மாமா. என் முகத்தைப் பார்த்தால் ஏன் கசக்க வேண்டும் என்று எனக்கு ரோஷமாக இருந்தது.

ஆனால் அந்த நாட்கள் எப்படிப்பட்ட நாட்கள்! ஸ்ரீரங்கத்தில் எந்தப் பெட்டிக்கடையைத் தாண்டினாலும் நான் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்குப் பின்னாலிருந்து, "ஏய், பாக்கெட் பாப்பா! ஒரு தடவை குதிச்சுக் காட்டு!" என்று குரல் வரும். உடனே குதிப்பேன். தெரியாதவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், தூக்கிக்கொள்வார்கள். பஸ்ஸில் யாரென்றே தெரியாத ஒருவர் என் பெயரைச் சொல்லி, என் ஸ்கூல் பெயரையும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்திருப்பாள். தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அம்மாவுக்குப் பொறாமை என நினைத்துக்கொள்வேன்.

பொருட்காட்சியில் மாமா ஸ்டால் எடுத்தார். "பாக்கெட் பாப்பா நேரில் வருகிறாள்!" என்று ஊரெல்லாம் போஸ்டர். ஸ்கூலில் டீச்சர் உட்பட எல்லாரும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

அப்போதுதான் ஒருநாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பிக் குளிப்பாட்டிச் சமயபுரம் பஸ்ஸில் ஏற்றினாள். ஜன்னல் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சற்று நேரத்தில் என் பின்னல் ரிப்பனோடு மடியில் விழுந்தது. என் முதல் மொட்டை தாய்மாமா மடியில் உட்கார்ந்துதான் நடந்தது. இந்த முறை மாமாவுக்குச் சொல்லவே இல்லை.

அன்று சாயங்காலம் புதுக் கவுனோடு வந்த மாமா, சந்தனம் பூசிய என் தலையைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா! என்னக்கா பண்ணி வச்சிருக்கே!"

"ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டதுடா. தள்ளிப் போடக் கூடாது."

"எப்ப நேந்துக்கிட்டே?"

"போன மாசம் அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப."

"காய்ச்சல் வந்தது எனக்குக்கா!"

"யாருக்கு வந்தா என்ன? உனக்குச் சரியாயிடுச்சுல்ல? காபி குடிக்கிறியா?"

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். அது குலுங்கியதை நான் பார்த்தேன்.

மாமா அசரவில்லை. கே.கே. நகரிலிருந்து அத்தையின் அக்கா மகளை வரவழைத்தார். அவளுக்கு நல்ல நீளப் பின்னல். என் கவுன் அவளுக்கு இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். நான் தரையில் புரண்டு அழுததைப் பார்த்து, வேடிக்கை பார்க்கவாவது போகட்டும் என்று அப்பா என்னைக் கூட்டிப்போனார்.

ராட்டினம், வண்ண விளக்கு, முறத்தளவு டெல்லி அப்பளம்! மேடையில் அவள் ஏறியதும் கூட்டம் கைதட்டியது. "அப்படியே பாக்கெட்டுல இருக்கற மாதிரியே இருக்கா பாரேன்!" என்றார் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுடா, மறைக்குது" என்றார்.

"நான் தம்பி இல்லை. நான்தான் அந்தப் பாப்பா!"

"நீயா? உன் தலையைப் பாத்தா பாக்கெட்டுக்குள்ள இருக்கற மாவு மாதிரில்ல இருக்கே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதே நேரம் மேடையில் மைக்கைக் கொடுத்ததும் அந்தப் பெண்ணுக்கு வாய் அடைத்துப்போயிற்று. மாமா ஓரத்திலிருந்து உதட்டை அசைத்துக் காட்டுகிறார். அவள் திருதிருவென்று விழிக்கிறாள். கூட்டம் சலசலக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கிற மூச்சையெல்லாம் பிடித்து, "குடிச்சேன், குதிச்சேன்!" என்று கத்திக்கொண்டு குதித்தேன். அவ்வளவுதான்! முன்வரிசைப் பிள்ளைகள் குதித்தார்கள், பின்வரிசை குதித்தது, மேடையில் அவளும் குதித்தாள். மைதானம் முழுக்க என் வரி! முதலில் கத்தியது யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும் பார்த்தார்.

ஸ்டாலில் அன்று ஒரு பாக்கெட் மிஞ்சவில்லை. திரும்பும்போது காவிரிப் பாலம் தாண்டும்வரை மாமா கையிலிருந்த போஸ்டரையும் என் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பாராட்டச் சொற்களைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த பாக்கெட்டில் என் போட்டோ இல்லை. ஓவியர் வரைந்த ஒரு சிறுமி இருந்தாள். கவுன், பின்னல், ரிப்பன், தூக்கிய முகவாய் எல்லாம் அப்படியே. மூக்கும் கன்னமும் என்னுடையவை இல்லை. "இந்தப் பாப்பாவுக்குப் பல்லு விழாது, வயசாகாது, யாரும் மொட்டையும் போட மாட்டாங்க" என்று மாமா அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "நல்லதுதானேடா" என்றாள் அம்மா.

நான் அழுது தீர்த்தேன். முடி வளர்ந்தபோது மார்க்கெட்டில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் நிதானமாகக் கத்திரிக்காய் பொறுக்கினாள். நான் இப்போது யாரோ ஆகிவிட்டதால் அம்மாவுக்கும் என் மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கை அதுவரை எதற்காக அவ்வளவு இறுகியிருந்தது என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இன்று அந்தச் சிறுமி சூப்பர் மார்க்கெட்டுகளில் இருக்கிறாள். மாமா அவளுடைய ரிப்பன் நிறத்தைக்கூட மாற்றவிட்டதில்லை. போன வாரம் அவரே போன் செய்தார். போனில் பார்க்கிற சின்ன வீடியோக்களுக்கு நிஜக் குழந்தை வேண்டுமாம். "உன் பொண்ணு அச்சு அசல் நம்ம பாப்பாடி. வெளியில யாரையோ போடறதுக்கு நம்ம புள்ளை இருக்கட்டுமே" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுவிட்ட என் மகள் அன்றிலிருந்து கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

மாமா நல்லவர். நானும் அந்த நாட்களை எவ்வளவு கொண்டாடினேன்! என் பயத்துக்காக அவள் சந்தோஷத்தைப் பறிக்கலாமா? ஆனால் என்னைப் பார்த்தது ஒரு ஊர், இவளை யார் யார் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அன்று எனக்கு ஏன் மொட்டை போட்டாய் என்று அம்மாவிடம் கேட்டேன். "முடிதானே, முளைச்சிடுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டுப் பேத்திக்குத் தோசை ஊற்றப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் முகத்தை இப்படி ஊருக்குக் கொடுத்தவர்களோ, கொடுக்க மறுத்தவர்களோ யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். வளர்ந்த பிறகு உங்கள் பிள்ளை உங்களிடம் என்ன சொன்னது?