ஏழுமலையின் ஆறு போட்டோக்கள்

1. ஐந்து மணிக்குள்

டிரெய்லர் டிரைவர் ஏழுமலை மூச்சிரைக்க வந்து என் மேஜை முன்னால் நின்றான்.

"அண்ணா, பெட்டி ஓட்டையாம். மழத்தண்ணி பூந்து சரக்கெல்லாம் நாறிப்போச்சாம். நான் எங்கியோ கொண்டுபோய் இட்ச்சிட்டேன்னு சொல்றானுங்க. நீ போட்டோ எட்த்தியே, அதுல ஓட்ட கீதுல்ல?"

"கீதுப்பா. தெளிவா கீது. நீ பேஜாராவாத."

திருவொற்றியூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் சர்வே அசிஸ்டென்ட். பெட்டி கேட்டைத் தாண்டுமுன் நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். அடி, ஓட்டை எது இருந்தாலும் பெட்டியோடு போகும் சீட்டில் விவரம் எழுத மாட்டோம். 'போட்டோ பார்க்கவும்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது எவன் உட்கார்ந்து எழுதுவது? ஆகவே ஏழுமலை தப்பு செய்யவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி என் ஆறு போட்டோக்கள்தான். ஹெட் ஆபீசில் ஐந்து மணிக்கு விசாரணையை முடிக்கப்போகிறார்கள்.

2. பெயர் மாற்றிய கெட்டிக்காரன்

அந்த வாரம்தான் எனக்குப் புது போன் வந்திருந்தது. அதில் எடுத்த படங்களின் பெயருக்குப் பின்னால் ஹெச்.இ.ஐ.சி. என்று இருந்தது. கம்பெனி ரூல்படி ஜே.பி.ஜி. மட்டும்தான் அனுப்பலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரீநேம் கொடுத்து, கடைசி எழுத்துகளை அழித்து ஜே.பி.ஜி. என்று அடித்தேன். என் கம்ப்யூட்டரில் கிளிக் செய்தால் ஜம்மென்று திறந்தது. மெயிலில் தட்டிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ஹெட் ஆபீஸ் மேனேஜர் போன் செய்தார்.

"என்ன சார் அனுப்பியிருக்கீங்க? ஒண்ணுகூட ஓபன் ஆகல."

"இங்க நல்லா ஆகுதே சார். உங்க சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு."

அதே ஆறையும் திரும்ப அனுப்பினேன். மறுபடி போன். மூன்றாம் முறை அனுப்பியும் அதே போன் வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன் சார்" என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. பக்கத்தில் நின்ற ஏழுமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி ஐந்தானது. அவனை வேலையை விட்டு எடுத்தார்கள். ஹார்பருக்குள் வண்டி கொண்டுபோகும் பாஸையும் வாங்கிக்கொண்டார்கள்.

3. மகள் சொன்னது

பத்து நாள் கழித்து, வியாசர்பாடியில் இருக்கும் என் மகளுக்கு வீட்டு விசேஷப் படங்களை அதே மாதிரி பெயர் மாற்றி அனுப்பினேன். அவள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை.

"நைனா, பேர மாத்துனா ஃபைல் மாறிடுமா? உன் கம்ப்யூட்டர்ல அந்தப் போனுக்கான சாஃப்ட்வேர் கீது, அதான் தொறக்குது. மத்தவங்களுக்கு அனுப்பணும்னா எக்ஸ்போர்ட் பண்ணி, ஜே.பி.ஜி.ன்னு செலக்ட் பண்ணி சேவ் பண்ணு."

ஏழுமலையின் படங்களை அவள் சொன்னபடி மாற்றினேன். இரண்டு நிமிடம் ஆனது. அவ்வளவுதான், இரண்டே நிமிடம்!

பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஹெட் ஆபீஸ் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரில் ஆறும் திறந்தன. மேல் மூலையில், கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பெட்டி அப்போது தரையில் இருக்கிறது, வண்டியில் ஏற்றவே இல்லை.

"டிரைவர் மேல தப்பில்லதான் சார்" என்றார் மேனேஜர். "ஆனா அவன் இடிச்சதா கஸ்டமருக்கு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப மாத்திச் சொன்னா நம்ம பேர் கெட்டுடும். விடுங்க."

கெஞ்சினேன். அவர் அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

4. காசிமேட்டில்

ஏழுமலை காசிமேடு மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவான், திட்டட்டும் என்றுதான் போனேன். அவன் திட்டவில்லை. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, அந்த ஓட்டையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இத்த என் பொண்டாட்டிக்கு அனுப்புணா. நான் குட்ச்சிட்டு இட்ச்சேன்னு நென்ச்சிகினு கீறா. மூஞ்சி குட்த்துப் பேச மாட்டேன்றா."

அனுப்பினேன். அவளுக்குத் திறந்ததா என்று அவனையே போன் செய்து கேட்கச் சொன்னேன். திறந்தது என்றாள். அவன் வேறு பக்கம் திரும்பி அவளோடு பேசிக்கொண்டே போனான்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, படத்தை எல்லாருக்கும் திறக்கிற மாதிரி சேவ் செய்யுங்கள். அனுப்புமுன் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். சீட்டில் இரண்டு வரியாவது கையால் எழுதுங்கள். 'திறக்கவில்லை' என்று யாராவது சொன்னால் நம்புங்கள். மூன்று முறை சொன்னார்கள், நான் நம்பவில்லை.